கலையாத அலைத்தடம்

பனியைப் படிப்பதற்கு முன்னால், படத்தில் இந்நேரம் காணாமல் போயிருக்க வேண்டிய ஏதாவது ஒன்றைத் தேடு. இந்த மேசையில் சேர்ந்த முதல் நாளே இதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உங்களில் சிலர் சிரித்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். தவறில்லை. காரணம் தெரியாவிட்டால் இது ஒரு சாங்கியம் போலத்தான் தோன்றும். இந்த மாதக் கடைசியில் நான் வேலையை விடுகிறேன். ஓய்வு பெறும் வயது இல்லை, இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது, அவ்வளவுதான். போவதற்குள் அந்தக் காரணத்தை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. சரியாக எழுதுகிறேனா என்ற சந்தேகம் இதை எழுதும்போதும் இருக்கிறது. இந்தத் தொழிலில் அந்தச் சந்தேகம் ஒரு குறை இல்லை என்று மட்டும் முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

மைசூரில் உட்கார்ந்துகொண்டு கிரீன்லாந்துக் கடலில் மிதக்கும் பனியைப் பார்ப்பது விசித்திரமான வேலை. என் மாமியாருக்கு இன்றுவரை புரியவில்லை. "ஐஸ் கம்பெனி" என்றுதான் உறவினர்களிடம் சொல்வார். நான் சேர்ந்த புதிதில் எனக்கே பாதி புரியவில்லை. செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படத்தில் அமைதியான தண்ணீரும் கறுப்பு, அன்று காலை உறைந்த மெல்லிய பனியும் கறுப்பு. காற்று தொட்ட தண்ணீர் சாம்பல், உடைந்து அடுக்கிய பழைய பனியும் சாம்பல். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம் தண்ணீரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கண்ணெதிரே இருக்கும் தண்ணீரே ஒரு பக்கம் பளபளப்பாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் ஏமாற்றுகிறதே, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பதை எப்படி நம்புவது என்று பயம் வரும். அந்தப் பயம் போகவில்லை. பழகிவிட்டது.

நான் சொல்ல வந்த நாள், என் மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது வந்தது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றூர். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழையும் ஒரு குறுகிய வாயின் ஓரத்தில் இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி பனி அந்த வாயை அடைத்துவிடும். கோடையில் மட்டும் கப்பல் போகலாம். அந்தப் பருவத்தின் கடைசிச் சரக்குக் கப்பல் அன்று உள்ளே போக வேண்டும். எண்ணெய், மாவு, மருந்து எல்லாம் அதில்தான். அது போகாவிட்டால் அடுத்த கோடை வரை அந்த ஊருக்குக் கப்பல் கிடையாது. போகும் வழியோ ஒடுக்கமானது. ஒரு பக்கம் பாறைக் கரை, மறுபக்கம் வடக்கிலிருந்து இறங்கிவரும் மிதக்கும் பனி, நடுவில் ஒரு நீர்ச்சந்து. சந்துக்குள் ஓரளவு போய்விட்டால் கப்பலைத் திருப்ப முடியாது. பனி நெருங்கி வந்து கரையோடு சேர்த்து அழுத்தினால் கப்பலின் இரும்பு தாங்காது. படத்தைப் படித்து, பனி எங்கே என்று குறித்த சார்ட்டை அனுப்பி, உள்ளே போகலாமா வேண்டாமா என்று கப்பலுக்குச் சொல்வது நம் மேசை.

நமக்கு மதியம் என்றால் அங்கே விடியற்காலை. அன்று எங்கள் ஷிப்டில் நானும் நவீனும். நவீன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான். எங்கள் ஷிப்ட் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. தசரா யானைகளுக்கு ஒத்திகை நடக்கும் நாட்கள் அவை. அரண்மனையைச் சுற்றிய சாலைகளை மறித்திருந்தார்கள்.

மேடம் காரிலிருந்து கூப்பிட்டார். "சுதா, நா இங்க ஆனை பின்னாடி மாட்டிகிட்டேன். முன்னாடி ஆனை, பின்னாடி போலீஸ் ஜீப்பு. போன்ல சார்ஜ் வேற இல்ல. கப்பல்காரங்க சார்ட் கேக்கறாங்க. படம் வந்திடுச்சா?"

"வந்திடுச்சு மேடம். நேத்து மாதிரியே இருக்கு."

"அப்ப மாற்றம் இல்லைன்னு போட்டு அனுப்பிடு. நா வந்து பாக்கறேன்." அத்தோடு போன் அணைந்துவிட்டது.

நேற்று மாதிரியேதான் இருந்தது. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒரு விசையை அழுத்தி மாற்றி மாற்றிப் பார்ப்போம் அல்லவா? பனி நகர்ந்திருந்தால் படம் துள்ளும். நான் அழுத்தினேன். துள்ளவில்லை. மறுபடி அழுத்தினேன். விசைதான் வேலை செய்யவில்லையோ என்று விரலை எடுத்துவிட்டு அழுத்தினேன். ஒவ்வொரு பனித்தகடும் வைத்த இடத்தில் இருந்தது. சந்து நேற்றுப் போலவே அகலமாகத் திறந்து கிடந்தது.

திரைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நம் அறையில் எப்போதும் ஜன்னல்களை மூடித்தான் வைப்போம். அன்று அந்த இருட்டு கூடுதலாக இருந்ததுபோல் எனக்கு ஞாபகம்.

"ராத்திரி பூரா வடக்கிலிருந்து பலமா காத்து அடிச்சிருக்கு. ஐஸ் எப்படி அப்படியே நிக்கும்?" என்றேன்.

நவீன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "குளிர் ஜாஸ்தி ஆகியிருக்குல்ல? கரையோட ஒட்டி உறைஞ்சிருக்கும். ஒட்டிக்கிட்டா எந்தக் காத்துக்கும் நகராது. ஒள்ளேதே ஆயித்து, நல்லதுதான் போ. ஐஸ் சும்மா நின்னா உனக்கு என்ன கஷ்டம் சுதா?"

அவன் சொன்னது தப்பில்லை. கரையோடு உறைந்த பனி அசையாது. அதுதான் கப்பலுக்கு நல்ல செய்தியும். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. குழந்தை பிறந்த பிறகு நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆபீசிலும் அந்தப் பேர் வாங்க வேண்டாம் என்றிருந்தது.

என் திரைக்குப் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்திருப்பேன். அதில் என் மகளின் தொட்டில் தெரியும். வீட்டில் ஒரு கேமரா பொருத்தியிருந்தோம். திரைச்சீலை போட்ட அறை என்பதால் படம் சாம்பல் நிறத்தில், பொரிப்பொரியாக, ரேடார் படம் போலவே இருக்கும். குழந்தை கன்னத்தில் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு அக்ரஹாரத்தில், அரண்மனைக்குக் கிட்டத்தில். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து மாதம்மா பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்.

அப்போது முதல் வெடி கேட்டது. ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.

"பீரங்கி ஒத்திகை," என்றான் நவீன். "ஆனைங்களுக்குப் பயம் போகணுமே. உனக்கும் ஒரு ரவுண்டு வைக்கச் சொல்லலாமா?"

நான் கைபேசியைத்தான் பார்த்தேன். குக்கர் விசிலுக்கே தூக்கிப்போட்டு எழுபவள் என் மகள். அசையவில்லை. பரவாயில்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். அந்த நிம்மதியை இப்போதும் மறக்க முடியவில்லை. எல்லாம் அசையாமல் இருக்கிறது, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்ற நிம்மதி.

கப்பலிலிருந்து செய்தி வந்திருந்தது. வாயை நெருங்குகிறோம், மூடுபனி, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, உங்கள் சார்ட்டை எதிர்பார்க்கிறோம். நான் 'மாற்றமில்லை' என்று தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால் துணிச்சல் என்றெல்லாம் சொல்ல முடியாது. அடுப்பை அணைத்தோமா என்று பூட்டிய கதவைத் திறந்து மறுபடி பார்க்கிற ஆள் நான். அந்தப் பழக்கம்தான். படத்தைப் பெரிதாக்கி, பனியை விட்டுவிட்டு, சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன்.

சந்தின் வாயில் ஒரு வெள்ளைப் புள்ளி. சின்னப் படகு.

"நேத்தும் இங்கதான் ஒரு போட் இருந்துச்சு," என்றேன்.

"தெனம் மீன் பிடிக்கப் போற போட்டா இருக்கும். எங்க தெருப் பால்காரன் தெனம் அதே டைம், அதே மூலையில நிப்பான். அவனையும் சந்தேகப்படுவியா?"

இரண்டாவது வெடி. கைபேசியில் கன்னத்தில் கை அப்படியே இருந்தது.

படகின் பின்னால் அது தண்ணீரைக் கிழித்துப் போன அலைத்தடம் இருந்தது, மெல்லிய வெள்ளைக் கோடாக. நடுவில் ஒரு பனித்தகட்டைத் தவிர்ப்பதற்காகப் படகு வளைந்து போயிருக்கிறது. கோடும் அங்கே வளைந்திருந்தது. நான் விசையை அழுத்தி நேற்றைய படத்துக்குப் போனேன். அதே கோடு. அதே வளைவு. வளைவின் நுனியில் கோடு இரண்டாகப் பிரிந்து மங்கும் இடமும் அதேதான்.

பனி நிற்கலாம். படகு தினமும் அதே நேரத்தில் வரலாம். ஆனால் தண்ணீர் மேல் போட்ட கோடு ஒரு ராத்திரி முழுக்க, அந்தக் காற்றில், கலையாமல் கிடக்குமா?

"நவீன்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இது இன்னைக்கு எடுத்த படம் இல்ல. நேத்துப் படமே திரும்ப வந்திருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். விசையை அவனே அழுத்திப் பார்த்தான். கேலி எல்லாம் போய்விட்டது. "மேல இன்னைக்குத் தேதிதானே போட்டிருக்கு... டைம் கூட இருக்கே."

"தேதி யாரோ போடறது."

 உயிர் போன முகத்தை, தூங்குகிற முகம் என்று நினைத்து வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது. அந்தக் கடலில் இப்போது என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் அங்கே இல்லை.

மூன்றாவது வெடி அப்போது விழுந்தது. நான் கைபேசியைப் பார்த்தேன்.

கன்னத்தில் கை. போர்வையின் ஓரம் மடங்கியிருந்தது. காலையில் ஆபீசில் காபி குடித்துக்கொண்டே பார்த்தபோதும் அது அப்படித்தான் மடங்கியிருந்தது. அது மலிவான கேமரா, படத்தில் நேரம் காட்டாது. ஒரு படத்தில் நேரமே இல்லை, இன்னொன்றில் இருந்த நேரம் பொய். இத்தனை வெடிக்கும் அசையாத குழந்தை. ஒன்று, படம் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால்... அதற்கு மேல் நினைக்க மனம் ஒப்பவில்லை.

கப்பல் சந்துக்குள் நுழைய இருந்தது. அறையில் இருந்தது நாங்கள் இருவர்தான். கப்பலோடு மேடம்தான் பேச வேண்டும் என்பது விதி. மேடத்தின் போன் அணைந்து கிடந்தது.

நான் கைபேசியை எடுத்து நவீனிடம் நீட்டினேன். "எங்க வீட்டுக்குப் போடு. மாதம்மா எடுக்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு." பிறகு மேடத்தின் மேசைக்குப் போய்க் கப்பலுக்கான போனை எடுத்தேன்.

ஏன் இதை நான் எடுத்தேன், அதை ஏன் அவனிடம் கொடுத்தேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கலையாத கோட்டைப் பற்றி விளக்கிச் சொல்ல என்னால்தான் முடியும் என்பது ஒரு காரணம். எடுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும் மணியை என் காதில் வைத்துக் கேட்கத் தைரியமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டில் எது பெரிது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

கப்பலின் கேப்டன் எடுத்தார். செயற்கைக்கோள் வழியாகப் போகும் பேச்சு, நான் சொல்வது சற்றுத் தாமதித்து எனக்கே திரும்பிக் கேட்டது. நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

"உள்ளே போகாதீங்க," என்றேன். 'உள்ளே போகாதீங்க' என்று யாரோ ஒருத்தி தொலைவிலிருந்து என்னிடமே சொன்னாள்.

"நீங்க யாரு? உங்க மேடம் எங்க?"

"நான் படம் பாக்கறவ. மேடத்தைப் பிடிக்க முடியலை. எங்ககிட்ட இருக்கறது இன்னைக்குப் படம் இல்ல. நேத்துப் படம், புதுத் தேதியோட."

"அப்ப ஐஸ் இப்ப எங்க இருக்கு?"

"தெரியாது."

"வழி மூடியிருக்கா?"

"அதுவும் தெரியாது. திறந்தே கூட இருக்கலாம்."

எனக்குப் பின்னால் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தான் நவீன். என் வீட்டு மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கேப்டன் பக்கமிருந்து இரைச்சலில் கப்பலின் மணிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "ஊர்க்காரங்க கரையில நின்னுக்கிட்டிருக்காங்க," என்றார். "ரேடியோல பேசினாங்க. இன்னைக்கு விட்டா மறுபடி வருவோமான்னு சொல்ல முடியாது. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க பயந்து சொல்றீங்களா, பாத்துச் சொல்றீங்களா?"

வேறொரு நாளாக இருந்தால் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று சாதித்திருப்பேன். பயம் என்று ஒப்புக்கொண்டால் யார் மதிப்பார்கள்? ஆனால் பின்னால் என் வீட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தெம்பில்லை.

"ரெண்டும்," என்றேன். 'ரெண்டும்' என்றாள் தொலைவிலிருந்தவள். "ஒரு படகோட தடத்தைப் பாத்தேன். அதைப் பாத்ததுலேர்ந்து பயமா இருக்கு."

தடத்தைப் பற்றிச் சொன்னேன். வளைவைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "சரி. வெளியிலேயே நிக்கறேன். அடுத்த படம் வந்ததும் நீங்களே கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டார்.

நான் திரும்பினேன். நவீன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ அழைத்துக்கொண்டிருந்தான். கைபேசித் திரையின் மூலையில் தொட்டில் இன்னும் தெரிந்தது. கன்னத்தில் கை. நான் பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். சாலை எல்லாம் மறித்திருக்கிறது, ஓடியே போனாலும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது மணி நின்றது.

"ஏனுங்க அம்மிணி?" மாதம்மாவின் குரல். மூச்சு வாங்கியது.

 நவீன்தான் கேட்டான். "பாப்பா எல்லி? பாப்பா எங்கம்மா?"

"இதா, என்ற இடுப்புலதானுங்க இருக்குது. காலையிலேயே கரண்டு போயிருச்சுங்க. இந்த வெடிச் சத்தத்துக்கு ஒரே அழுவ. மொட்டமாடிக்குத் தூக்கிட்டுப் போயி ஆன காட்டிக்கிட்டிருந்தனுங்க. போனு கீழ சமையக்கட்டுல கெடந்துச்சு. ஏனுங்க, அம்மிணிக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

பின்னணியில் என் மகள் கத்தினாள். அவளுக்குப் பிடித்த, அர்த்தமில்லாத, ஒரே எழுத்துக் கத்தல். நான் கதவோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மிணி நல்லாத்தான் இருக்காங்க," என்று நவீன் சொன்னான். "சும்னே, சும்மாதான் கூப்பிட்டோம்."

உண்மையான படம் மாலைக்குள் வந்தது. நாங்கள் இருவரும் முதலில் அந்தப் படகைத் தேடினோம். படகு இல்லை. கோடு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பனியைப் பார்த்தோம். சந்தும் இல்லை. வடக்கிலிருந்து இறங்கிய பனி முழுவதும் கரையில் போய் மோதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாய் முழுக்க வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. அதற்கு வெளியே, கறுப்புத் தண்ணீரில், தன்னந்தனியாக ஒரு புள்ளி. அது அசையாமல் நின்றது. நிற்கச் சொன்னது நான்தான்.

நவீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நாளைக்கு மசால் தோசை என் செலவு," என்றான்.

படத்தை அனுப்பும் இடத்தில் ஏதோ கோளாறு, பழைய படமே புதுத் தேதியோடு வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அந்தச் சிறு படகு முதல் நாளே பத்திரமாக ஊர் திரும்பிவிட்டதாகக் கேப்டன் சொன்னார். அதன் தடம் கொஞ்ச நேரத்தில் கலைந்திருக்கும். நம் திரையில் மட்டும் அது ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தது. கப்பல் சில நாள் வெளியே காத்து நின்றது. காற்று திரும்பியது. வழி கொஞ்சம் திறந்தபோது உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வந்தது.

மேடம் அன்று யானைகளிடமிருந்து தப்பித்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். "நிறுத்தச் சொன்னது சரி. என்னைக் கேக்காம சொன்னது தப்பு. ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுது," என்றார். சற்று யோசித்துவிட்டு, "தப்பை ரெண்டாவதா எழுது," என்றார். மறுநாளிலிருந்துதான் இந்த மேசையில் அந்தப் பழக்கம் வந்தது. முதலில் போயிருக்க வேண்டியதைத் தேடு. அது போயிருந்தால் பனியைப் படி.

வழி திறந்தே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். மாவும் மருந்தும் தாமதமாகியிருக்கும், என்னைத் திட்டியிருப்பார்கள், ஒருவேளை வேலையும் போயிருக்கும். அப்போதும் நான் அந்தப் போனை எடுத்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பனி எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் நான் கூப்பிடவில்லை. தெரியாது என்பது தெரிந்துவிட்டதால் கூப்பிட்டேன். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி வரும். அன்று மேடம் பக்கத்தில் இருக்க மாட்டார்.

அன்று மாலை ஆட்டோவில் வீட்டுக்குப் போகும் வழியில் கரண்டு வந்துவிட்டது போலிருக்கிறது. மடியில் இருந்த கைபேசியில் படம் ஒருமுறை நடுங்கி மாறியது. தொட்டில் காலியாக இருந்தது. போர்வை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. காலியான தொட்டிலைப் பார்த்து எந்தத் தாய்க்கும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

கேமரா இன்னும் அங்கேதான் இருக்கிறது, அடுத்த குழந்தைக்கும் வேண்டுமே. தொட்டிலுக்கு மேல் ஒரு காகிதக் காற்றாடி கட்டியிருக்கிறேன், மின்விசிறிக் காற்றில் சுற்றும்படி. கைபேசியை எடுத்ததும் முதலில் காற்றாடியைத்தான் பார்ப்பேன். அது சுற்றினால்தான் தொட்டிலைப் பார்ப்பேன். சில மதியங்களில் அது சுற்றாமல் நிற்கும். கரண்டு போயிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.